சொந்தக் கடைக் கம்ப்யூட்டர் மாடி வீட்டில் திறக்கவில்லையா?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "அண்ணாச்சி, கடையில் கேமராப் பெட்டி வைத்திருக்கிறேன். சென்னையில் இருக்கிற என் மகன் அங்கிருந்தே கடையைப் பார்க்கிறான். கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிற எனக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. பெட்டி பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "இதற்காக யாரையாவது கூப்பிட்டு ரூட்டரைத் திறக்கச் சொன்னீர்களா?" இன்னும் இல்லை என்றார். அப்பாடா என்றிருந்தது. நான் வந்து பார்க்கும்வரை யாரையும் தொட விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏனென்றால் இதே கேள்விக்கு அவசரப்பட்டு ஒருவரைக் கூப்பிட்டதில் 2022-ஆம் ஆண்டு பன்னிரண்டு நாள் கணக்கை நான் தொலைத்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம்தான் எனக்குத் தெரிந்த தொழில். ஆனால் பட்டவன் சொன்னால் நம்மவர்கள் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் கடை கீழே, வீடு மேலே. இரண்டுக்கும் ஒரே ஃபைபர் லைன், ஒரே ரூட்டர். முன்பெல்லாம் காலை ஆறு மணிக்குப் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். துவரம் பருப்பு இன்றைக்கு என்ன விலை, உளுந்து இருக்கிறதா, என் பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று ஒரே கேள்வியை நூறு பேர் கேட்பார்கள். 2021-இல் என் தங்கை மகன் ஒரு யோசனை சொன்னான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை. கடையின் பின்கட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரையே சர்வராக மாற்றி, அதில் இருப்பும் விலையும் காட்டும் ஒரு பக்கத்தை அமைத்தான். கடைக்காரர்கள் செல்போனில் ஒரு பெயரை அடித்து, அவரவருக்குக் கொடுத்த ரகசியச் சொல்லைப் போட்டால் அன்றைய விலையும் தங்கள் பாக்கியும் தெரியும்.

வெளியில் வாடகைக்கு இடம் பிடித்து வைத்தால் சுலபம் என்றும் அவனே சொன்னான். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறேன் என்கிற பேரேடு என் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் பேரேட்டை வீட்டில் வைத்துக்கொண்டால் காவலும் நாமேதான் போட வேண்டும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு வருடம் நன்றாக ஓடியது. சிவகாசி, அருப்புக்கோட்டைக் கடைக்காரர்களெல்லாம் பார்த்துப் பழகிவிட்டார்கள். பிறகு லைன் கம்பெனிக்காரர்கள் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். மருமகன் போனிலேயே சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளை அதைச் சரி செய்தார். வெளியூர்க்காரர்களுக்கு வழக்கம்போல் திறந்தது. மாடியில் என் செல்போனில் மட்டும் திறக்கவில்லை.

சர்வர் நின்றுவிட்டது என்று நானாக முடிவு கட்டினேன். கீழே இறங்கிப் போய் அணைத்து அணைத்துப் போட்டேன். ஒரே நாளில் மூன்று தடவை. ஒரு தடவை பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அணைத்ததில் பில் எண் தாவிவிட்டது. கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். மருமகனுக்கு அந்த வாரம் வேலை நெருக்கடி, போனை எடுக்கவில்லை. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஊரிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் ரூட்டருக்குள் போய் ஃபயர்வால் என்கிற தடுப்பை அணைத்தார். டி.எம்.இசட். என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் வெளியிலிருந்து வருவது எதுவானாலும் நேரே சர்வரிடம் போய்விடும். அதையும் போட்டார். இனி அவர் தன் கடையிலிருந்தே பார்த்துச் சரி செய்யலாம் என்று சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பையும் திறந்து வைத்தார். அப்படியும் மாடியில் திறக்கவில்லை. கடைசியில் என் செல்போனில் பெயருக்குப் பதிலாக 192.168.1.10 என்று எண்ணை அடித்தார். ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்து, பிறகு பக்கம் திறந்தது. நானும் சந்தோஷமாகக் கூலி கொடுத்து அனுப்பினேன். அவர் செய்ததில் பலித்தது அந்த எண்ணை அடித்தது ஒன்றுதான். அதற்கு ரூட்டரைத் தொட்டிருக்கவே வேண்டாம். மற்றதெல்லாம் திறந்தபடியே நின்றது.

செப்டம்பர் 9-ஆம் தேதி காலை கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரைப் போட்டார். எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள். பணம் கொடுத்தால் பூட்டைத் திறப்போம் என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. தினமும் நகல் எடுக்கச் சொல்லி மருமகன் வாங்கிக் கொடுத்த ஹார்டு டிஸ்க் சர்வரிலேயே மாட்டியபடி இருந்ததால் அதுவும் பூட்டிக்கிடந்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி இரவு எடுத்துப் பீரோவில் போட்ட ஒரு பென் டிரைவ்தான் மிச்சம்.

இடையில் போன பன்னிரண்டு நாளில் விநாயகர் சதுர்த்தி வாரமும் அடக்கம். அவல், பொரி, கடலை, எண்ணெய் என்று கடனுக்குச் சரக்கு பறந்த வாரம். போதாததற்கு, 11-ஆம் தேதிக்குள் ஆகஸ்ட் மாத ஜி.எஸ்.டி.ஆர்.-1 போட்டாக வேண்டும். நான் போடத் தவறினால் என்னிடம் எண்ணெய் வாங்கியவர்களுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு காட்டாது. என் தவறுக்கு அவர்கள் கையிலிருந்து வரி கட்ட வேண்டும். பணம் கொடுத்துவிடலாமா என்று கூட ஒரு நிமிடம் தோன்றியது. கொடுத்தாலும் திறப்பான் என்பதற்கு யார் ஜாமீன்?

பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் நம்மிடம் தங்கும் வழக்கத்தை நான் விடாமல் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எதற்கு இந்தக் காகிதம் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து, இரண்டு இரவு இரண்டு பேர் உட்கார்ந்து அடித்து ரிட்டர்னைப் போட்டோம். வசூலுக்குத்தான் காகிதம் இல்லை. லைனில் போய் வாங்கிய பணமெல்லாம் கம்ப்யூட்டரில் மட்டுமே ஏறியிருந்தது. ஒவ்வொரு கடைக்காரருக்கும் நானே போன் செய்து, "எங்கள் புத்தகம் போய்விட்டது, உங்கள் புத்தகப்படி எவ்வளவு?" என்று கேட்டேன். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவன் அப்படிக் கேட்பது என்ன கூச்சம் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் சரியாகவே சொன்னார்கள். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் மறுநாள் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நேற்று நாலாயிரம் குறைத்துச் சொல்லிவிட்டேன், ஒரு பில் விட்டுப்போயிற்று" என்றார்.

அதற்குப் பிறகு மருமகன் இரண்டு நாள் லீவு போட்டு வந்து உட்கார்ந்தான். "மாமா, முதலில் எதனால் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதை நம் வியாபார பாஷையில் சொல்கிறேன்.

இண்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி எண் உண்டு. பழைய முறையில் இந்த எண்கள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடி. உலக ஜனத்தொகைக்கே போதாது. அதனால் ஒரு வீட்டுக்கு வெளி எண் ஒன்று, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர், செல்போன், டி.வி. எல்லாவற்றுக்கும் தனியாக உள் எண்கள் என்று 1990-களில் ஓர் ஏற்பாடு வந்தது. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை இப்படி உள் உபயோகத்துக்கென்று 1996-இல் வரையறுத்தவை. கதவிலக்கம் 10 எல்லாத் தெருவிலும் இருப்பது போல 192.168.1.10 எல்லா வீட்டிலும் இருக்கலாம். வெளி எண்ணை உள் எண்ணாகவும், உள் எண்ணை வெளி எண்ணாகவும் மாற்றி எழுதி அனுப்புகிற தரகர்தான் ரூட்டர். இதற்கு என்.ஏ.டி. என்று பெயர். "வெளியிலிருந்து 443-ஆம் வாசலுக்கு வருகிறவர்களை உள்ளே 10-ஆம் எண்ணிடம் அனுப்பு" என்று தரகரிடம் சொல்லி வைப்பதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். என் கடைக்காரர்கள் விலை பார்த்தது இந்த வழியில்தான்.

இப்போது மாடியிலிருந்து நான் பெயரை அடிக்கிறேன். அந்தப் பெயருக்கு இண்டர்நெட் சொல்லுகிற எண் என் வெளி எண். ஆக, என் வீட்டுக்குள்ளிருந்தே என் வீட்டின் தெருவாசல் முகவரிக்குக் கடிதம் எழுதுகிறேன். பல ரூட்டர்களில் மேலே சொன்ன உத்தரவு தெருப்பக்கத்திலிருந்து வருகிறவற்றுக்கு மட்டும்தான். உள்ளேயிருந்து வருவதைப் பார்த்தால் அது என்ன செய்வதென்று தெரியாமல் கீழே போட்டுவிடும். சில ரூட்டர்கள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தன்னுடைய பக்கத்தையே காட்டும்.

இன்னொரு விதமும் உண்டு. இது கொஞ்சம் வேடிக்கையானது. நான் மதுரைத் தரகருக்குக் கடிதம் எழுதி உளுந்து கேட்கிறேன் என்று வையுங்கள். அவர் என் ஆர்டரை என் தெருவிலேயே எதிர்க்கடை வைத்திருப்பவருக்கு அனுப்பிவிடுகிறார். எதிர்க்கடைக்காரர் ஆர்டரில் என் பெயரைப் பார்த்து, இவர் இங்கேதானே இருக்கிறார் என்று மதுரைக்கு அனுப்பாமல் சரக்கை நேரே என் கடையில் கொண்டுவந்து தன் பில்லோடு இறக்குகிறார். என் கணக்குப்பிள்ளை என்ன சொல்வார்? "நாங்கள் உங்களிடம் ஆர்டரே போடவில்லை, எடுத்துப் போங்கள்" என்பார். மாடியில் இருக்கிற செல்போன் அதைத்தான் செய்கிறது. அது கேட்டது வெளி எண்ணிடம். பதில் வந்தது 192.168.1.10-இலிருந்து. யாரோ எவரோ என்று தள்ளிவிடுகிறது. சரக்கும் நல்ல சரக்கு, கடைக்காரரும் யோக்கியர், தரகரும் தவறு செய்யவில்லை. இருந்தும் வியாபாரம் நடக்கவில்லை.

தரகர் அந்த ஆர்டரை மாற்றி எழுதும்போது வாங்குபவர் பெயரிலும் தன் பெயரையே போட்டுவிட்டால் சரக்கு அவர் வழியாகவே திரும்பி வரும், சிக்கல் தீரும். இதை ரூட்டர் பக்கத்தில் என்.ஏ.டி. லூப்பேக் என்றோ ஹேர்பின் என்றோ போட்டிருப்பார்கள். ஹேர்பின் என்றால் கொண்டை ஊசி. கொல்லிமலைப் பாதையில் வண்டி வந்த திசைக்கே மடங்குகிறதே, அதே பொருள்தான். ரூட்டர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று இண்டர்நெட் தரம் வகுப்பவர்கள் 2007-இலும் 2008-இலும் எழுதி வைத்துவிட்டார்கள். ஆனாலும் லைனோடு கொடுக்கிற பெட்டிகளில் பல இதைச் செய்வதில்லை. என் பழைய ரூட்டரில் இருந்தது, புதியதில் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. பன்னிரண்டு நாள் கணக்கு இதற்காகப் போனது என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உங்கள் கடையிலும் இந்தச் சிக்கல்தானா என்பதைக் கண்டுபிடிக்க ஆளே வேண்டாம். செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டு டேட்டாவில் அதே பெயரை அடித்துப் பாருங்கள். திறந்தால் சர்வர் நன்றாக இருக்கிறது. மறுபடி வைஃபையைப் போட்டு உள் எண்ணை அடித்துப் பாருங்கள். அதுவும் திறந்து, வைஃபையில் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் ஏறக்குறைய நிச்சயமாக இதுதான். உள் எண்ணுக்கே திறக்கவில்லை என்றால் வேறு கோளாறு. விருந்தினர் வைஃபையில் இருப்பீர்கள், அல்லது சர்வரில் உள்ள விண்டோஸ் இந்த இணைப்பைப் பொது இடத்து இணைப்பு என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கும். கேமராப் பெட்டிகளில் இப்போது வருகிற பலவும் அந்தந்தக் கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதால் இந்தத் தொந்தரவு வராது. வெளி எண்ணையோ பெயரையோ அடித்துப் பார்க்கிற பெட்டிகளுக்குத்தான் வரும்.

சரி, மருந்து என்ன? ரூட்டரில் லூப்பேக் வசதி இருந்தால் அதைப் போட்டால் போதும். உள்ளேயிருந்து யார் வந்தாலும் ரூட்டரே வந்தது போல சர்வரின் குறிப்பில் பதிவாகும் என்பது ஒரு குறை. எனக்கு அது பெரிதல்ல. வசதி இல்லையென்றால் என் மருமகன் செய்தது போலச் செய்யலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஒரே பெயருக்கு இரண்டு விலாசம் வைப்பது அந்த முறை. பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லுகிற டைரக்டரிக்கு டி.என்.எஸ். என்று பெயர். ஊருக்கு இருக்கிற டைரக்டரி வெளி எண்ணைச் சொல்லட்டும். வீட்டுக்குள் நமக்கென்று ஒரு சின்ன டைரக்டரி வைத்து, அதில் அதே பெயருக்கு 192.168.1.10 என்று எழுதிவிட வேண்டும். வெளியூர்க் கடைக்காரர் பெயரை அடித்தால் தெருவாசல் வழியாக வருவார். நான் மாடியில் அதே பெயரை அடித்தால் தரகரிடம் போகாமல் நேரே பின்கட்டுக்குப் போய்விடுவேன். சிவப்பு எச்சரிக்கையும் வராது. அந்தப் பூட்டு முத்திரை பெயருக்குக் கொடுக்கப்பட்டது. எண்ணை அடித்ததால்தான் அது முன்பு கத்தியது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போகிற பழக்கத்தை வீட்டில் உள்ளவர்களுக்கு நாமே கற்றுக்கொடுப்பது நல்லதல்ல.

இதில் நாங்கள் ஒரு தப்பும் செய்தோம். முதலில் அந்தச் சின்ன டைரக்டரியைச் சர்வரிலேயே வைத்தோம். ஒரு நாள் யு.பி.எஸ். பழுதாகிச் சர்வர் நின்றது. உடனே மாடியில் டி.வி., செல்போன் எல்லாமும் நின்றுவிட்டன. எந்தப் பெயரைக் கேட்டாலும் எண் சொல்ல ஆள் இல்லையே! சீரியல் நின்றுபோன கோபத்தில் என் வீட்டம்மா, "உங்கள் பருப்பு விலைக்கும் என் டி.வி.க்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிறகு டைரக்டரி எழுதுகிற வசதி உள்ள ரூட்டராகப் பார்த்து வாங்கி, லைன் கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் மாட்டி அதிலேயே வைத்துவிட்டோம். வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சர்வருக்கு உள் எண் மாறாமல் இருக்கும்படி ரூட்டரில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு 10 என்பது 14 ஆகிவிடும், டைரக்டரியும் போர்ட் ஃபார்வர்டிங்கும் இரண்டுமே பொய்யாகிவிடும். அதே போல, புதிய ஆண்ட்ராய்டு போன்களில் பிரைவேட் டி.என்.எஸ். என்று ஒன்று இருக்கிறது, 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து. அதில் வெளியாள் பெயரை எழுதி வைத்திருந்தால் போன் நம் வீட்டு டைரக்டரியைக் கேட்காமல் வெளியே போய்க் கேட்கும். பழைய சிக்கல் அந்த ஒரு போனில் மட்டும் மறுபடி முளைக்கும். சில பிரௌசர்களும் இப்படிச் செய்யும். என் மருமகள் போனில் இது ஒரு மாதம் கண்டுபிடிக்க முடியாமல் கிடந்தது. சில ரூட்டர்கள், வெளிப் பெயருக்கு உள் எண் வந்தால் ஏதோ மோசடி என்று தடுத்துவிடுவதும் உண்டு. அந்தப் பெயருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து திறக்கவில்லை என்பதற்காக வெளிக்கதவைத் திறப்பது வீண். மாடியிலிருந்து வருகிறவன் தெருவாசல் வழியாக வரப் போவதே இல்லை. ஃபயர்வாலை அணைப்பதும் டி.எம்.இசட். போடுவதும் இந்த நோய்க்கு மருந்தே அல்ல. ஆனால் இரவு பகலாக இண்டர்நெட் முழுக்க ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிற புரோகிராம்கள் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஆம் வாசல் திறந்திருந்தால் ரகசியச் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். 2016-இல் மிராய் என்று ஒன்று கிளம்பியது. கேமராக்கள், டி.வி.ஆர். பெட்டிகளைத்தான் அது தேடிப் பிடித்தது. கம்பெனியில் போட்டுக் கொடுத்த ரகசியச் சொற்கள் அறுபதுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்தது. அந்தப் பெட்டிகளையெல்லாம் ஏவிவிட்டு அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே அந்த அக்டோபரில் ஒரு நாள் முடக்கினார்கள். அப்படி அடியாள் வேலை பார்த்ததில் எத்தனை மளிகைக் கடைப் பெட்டிகள் இருந்தனவோ!

இப்போது என் ரூட்டரில் தெருப்பக்கம் திறந்திருப்பது இரண்டே இரண்டு. விலைப் பக்கத்துக்கான 443 ஒன்று. கடைக்காரர்கள் நூறு பேருக்கும் தனித்தனிச் சாவி கொடுக்க முடியாது, ஆகவே அது திறந்துதான் இருக்க வேண்டும். அதில் விலையும் அவரவர் பாக்கியும் தவிர வேறு எதுவும் இல்லாமல், பேரேடு வேறு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. மற்றொன்று வயர்கார்டு. இது ஒரு ரகசியச் சுரங்கப்பாதை மாதிரி. 2020 மார்ச் முதல் லினக்ஸிலேயே சேர்ந்து வருகிறது. சரியான சாவி இல்லாதவன் தட்டினால் பதிலே சொல்லாது. அங்கே கதவு இருக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியாது. வெளியூர் போனால் நான், கணக்குப்பிள்ளை, மருமகன் மூன்று பேரும் பேரேட்டுக்குப் போவது இதன் வழியாகத்தான். வீட்டுக்குத் திரும்பியதும் செல்போனில் அதை அணைத்துவிடுவேன். அணைக்க மறந்தால், அதுவும் நம் வெளி எண்ணைத்தானே தேடும், மறுபடி அதே கொண்டை ஊசிதான்.

ரிப்பேர்க்காரருக்கு இப்போது சாவி கிடையாது. நேரில் வந்து பார்க்கட்டும். காபி கொடுக்கிறேன்.

வீட்டு லைன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பல லைன்களில் நமக்கென்று வெளி எண்ணே கிடையாது. ஒரு வெளி எண்ணுக்குப் பின்னால் பல வீடுகளை அடைத்து வைத்திருப்பார்கள். ரூட்டர் பக்கத்தில் வெளி எண் என்று காட்டுவது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் இந்த வகை. அப்போது எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. தனி வெளி எண் கொடுக்கிறார்களா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்று லைன்காரரிடம் கேளுங்கள். புதிய முறையான ஐ.பி.வி.6-இல் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு என்பதால் இந்தக் கொண்டை ஊசித் தொல்லையே இல்லை. ஆனால் அதில் ஃபயர்வாலை அணைத்தால் வீட்டில் உள்ள எல்லாமே தெருவில் நிற்கும்.

நகல் விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். சர்வரில் மாட்டியே வைத்திருப்பது நகலாகாது. இப்போது இரண்டு டிஸ்க், ஒன்று மாற்றி ஒன்று, தினமும் கடை அடைக்கும்போது ஒன்றைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போகிறேன். பணம் கேட்டு மிரட்டினாலோ, பணம் போய்விட்டாலோ 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லலாம். எனக்கு அப்போது அது கூடத் தெரியாது.

சாத்தூர்க்காரர் கடைக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். மருமகனைப் போனில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். சிம் டேட்டாவில் கேமரா திறந்தது. மாடி வைஃபையில் உள் எண்ணுக்கும் திறக்கவில்லை. ஆக, என் கேஸ் வேறு, அவர் கேஸ் வேறு. மாடியில் சிக்னல் போதவில்லை என்று அவராகவே இன்னொரு வைஃபைப் பெட்டி வாங்கி மாட்டியிருக்கிறார். கீழ்ப் பெட்டியும் மேல் பெட்டியும் இரண்டுமே 192.168.1 என்று எண் கொடுத்துக்கொண்டிருந்தன. மேலே கேமரா எண்ணைக் கேட்டால் மாடிக்குள்ளேயே தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடுகிறது. மேல் பெட்டியைத் தரகர் வேலையை விட்டுவிட்டு வெறுமனே வைஃபை மட்டும் கொடுக்கும்படி மாற்றினோம். மாடியிலேயே கடை தெரிந்தது. பெயரை அடித்தும் திறந்தது. அவர் ரூட்டரில் லூப்பேக் இருந்திருக்கிறது. எழுந்திருக்கும்போதுதான் கேமராவின் ரகசியச் சொல் என்ன என்று கேட்டேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். மறுபடி உட்கார்ந்து அதை மாற்றிவிட்டு வர இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று.